ஒரு டம்ளர் வெள்ளைச் சர்க்கரை

“நான் வெச்சது வெள்ளைச் சர்க்கரைதான் சார், ஒரு டம்ளருக்கு ஒரு டம்ளர் தண்ணி, வேற ஒரு துளி கிடையாது” என்று மூன்றாவது தடவையாகச் சொல்கிறாள் பிலோமினா. முதல் இரண்டு தடவை சொன்ன அதே வார்த்தைகள், அதே வரிசை, ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி. உண்மை பேசுகிறவர்களிடம் எனக்கு ஆகாதது இதுதான், கொஞ்சம் மாற்றிச் சொல்லிப் பார்ப்போமே என்று தோன்றவே தோன்றாது அவர்களுக்கு. நான் சமையலறை ஜன்னலுக்கு இந்தப் பக்கம் குழாயை மூடிவிட்டு நிற்கிறேன், தண்ணீர் சத்தத்தில் பதில் கேட்காமல் போய்விடக் கூடாது. என் வீட்டுக்காரர் தேனீப் பெட்டிக்கு முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார். பத்து நாள் பெங்களூரில் மகள் வீட்டில் இருந்துவிட்டு மத்தியானம்தான் மலையேறி வந்தார். வந்த மனுஷன் எப்படி இருக்கே என்று ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம், பையை நடையில் வைத்துவிட்டு நேராகப் பின்பக்கத் தோட்டத்துக்குப் போனார், பேண்ட்டைக்கூட மாற்றவில்லை. பெட்டியின் முகப்பில், பூச்சிகள் போய் வருகிற கீற்று வாசலைச் சுற்றி, பழுப்புப் பழுப்பாகக் கோடுகள் வழிந்து காய்ந்திருக்கின்றன. கீழே ஈரத் தரையில் செத்தது பாதி, சாகப்போகிறது பாதி, இறக்கையை மடிக்க முடியாமல் ஊர்ந்துகொண்டிருக்கின்றன. “அப்ப என் பூச்சிக்குத் தானா வயித்தால போகுதா டீச்சர்?” என்கிறார். குரல் உயரவில்லை. மின்வாரியத்தில் முப்பத்துமூன்று வருஷம் இருந்தவர், கம்பியில் கரண்ட் ஓடுகிறதா என்று சோதிக்கிற குரல் அது, எனக்குத் தெரியும். “பத்து நாளும் நீங்கதானே பார்த்துக்கிட்டீங்க. வசு பெட்டிப் பக்கமே போகமாட்டா. அப்ப நான் யாரைக் கேக்கறது?” வசு என்றால் நான். வசுமதி. பெட்டிப் பக்கமே போகாதவள். பிலோமினா தரையில் ஊர்கிற பூச்சியைப் பார்க்கிறாள். முகத்தை நிமிர்த்துகிறாள், ஜன்னலைப் பார்த்தாளா, ஜன்னலுக்கு மேலே கூரையைப் பார்த்தாளா தெரியவில்லை, அவள் மூக்குக் கண்ணாடியில் மேகம்தான் தெரிகிறது. “இனிமே நீங்க சிரமப்பட வேணாம் டீச்சர்” என்கிறார் இவர். அவ்வளவுதான். பிலோமினா பாகு கொண்டுவந்த காலிப் பாட்டிலைத் துவைக்கிற கல்லின் மேல் வைத்துவிட்டு, செம்பருத்தி வேலியில் அவள் வந்துபோய் வந்துபோய் உண்டாக்கின சந்து வழியாக அவள் வீட்டுக்குப் போய்விட்டாள். பின்கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. ஓங்கிச் சாத்தவில்லை. ஓங்கிச் சாத்துகிற ஜாதியா அவள்.

சரி, போய்விட்டாள். ஜனவரி மாதத்திலிருந்து நான் எதற்கு வேண்டிக்கொண்டிருந்தேனோ அது நடந்துவிட்டது, என் வாயால் ஒரு வார்த்தை சொல்லாமல் நடந்துவிட்டது. இப்போது நான் குழாயைத் திறந்து பாக்கிப் பாத்திரத்தைக் கழுவ வேண்டும், காப்பி போட வேண்டும், நடையில் கிடக்கிற பையைப் பிரித்து அழுக்குத் துணியை ஊறவைக்க வேண்டும். அதையெல்லாம் செய்யாமல் கூடையிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்து உரித்துக்கொண்டிருக்கிறேன். காம்புப் பக்கம் நகத்தை வைத்துச் சுற்றிக்கொண்டே வந்தால் ஒரே தோலாக, பாம்புச் சட்டை மாதிரி, முழுசாக வந்துவிட வேண்டும். பாதியில் அறுந்துவிட்டது. எனக்கு எப்போதும் பாதியில்தான் அறுகிறது. இதே ஏற்காட்டில் மலை மேல் கான்வென்டில் போர்டிங்கில் இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஆளுக்கு ஒரு ஆரஞ்சு கொடுப்பார்கள். பிலோமினா மட்டும் ஒரே தோலாக உரிப்பாள், உரித்த தோலைத் திரும்பச் சுற்றி உள்ளே பழம் இருக்கிற மாதிரியே தட்டில் வைப்பாள், சிஸ்டர் யூஜினி ஏமாந்துபோய் இன்னும் சாப்பிடலையா என்று கேட்பார், மேசை முழுக்கச் சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் ராத்திரி படுக்கையில் அந்தத் தோலை அவள் தலையணைக்கடியில் வைத்திருக்கிற வாசனை இரண்டு கட்டில் தாண்டி எனக்கு வரும், தூக்கம் வராது. எட்டாம் வகுப்பில் அது. இன்றைக்கு எனக்கு ஐம்பத்தைந்து வயது. போன கார்த்திகையில் முதல் காய்ப்பாக ஏழெட்டுப் பழம் வந்தபோது என் வீட்டுக்காரர் எப்படிச் சாப்பிட்டார் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பிய்த்து, தோலும் நாரும் பேண்ட்டில் விழ, கொட்டையை ஜன்னல் வழியாகத் துப்பி. கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். இந்த வருஷம் புரட்டாசிக் கடைசியில் முதல் பழம் பழுத்தபோது பெட்டிக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து, காம்புப் பக்கம் நகத்தை வைத்து, சுற்றிக்கொண்டே வந்து, ஒரே தோலாக உரித்தார். உரித்துவிட்டுத் தோலை என்னிடம் காட்டிச் சிரித்தார், பார்த்தியா என்று. பார்த்தேன். வேறு எதையாவது பார்த்திருந்தால்கூட எனக்குத் தேவலை என்று இருந்தது. ஒரு புடவை வாசனை, ஒரு போன் பேச்சு, அப்படி ஏதாவது இருந்தால் கத்தி ஊரைக் கூட்டியிருக்கலாம். ஆரஞ்சு உரித்தார் என்று எந்தக் கோர்ட்டில் போய் நிற்பது.

இந்த மரம் என் மரம். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கும். ஆனால் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பால் கவரில் மண் போட்டு மூன்று விதை ஊன்றியது நான், முளைத்து வந்த மூன்றில் இரண்டு செத்து ஒன்று பிழைத்தபோது அதற்கு மேல் பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்துக் கோழியிடமிருந்து காப்பாற்றியது நான், அரிசி களைந்த தண்ணீர், மீன் கழுவின தண்ணீர், எல்லாம் ஊற்றியது நான். இவர் என்ன செய்தார் என்றால், ஒவ்வொரு ஐப்பசிக்கும் அதன் முன்னால் இடுப்பில் கையை வைத்து நின்று, மலட்டு மரம் வசு, வெட்டிட்டு ஒரு சில்வர் ஓக் மரம் வெச்சா மிளகுக் கொடியாவது ஏத்தலாம் என்பார். நான் ஒவ்வொரு ஐப்பசிக்கும் இல்லை என்பேன். போன வருஷம் ஏழெட்டுப் பழம் விட்டு வாயைத் திறந்தது. தை மாதம் பெட்டி வந்தது, மாசியில் மரம் பூத்தது, வெள்ளை வெள்ளையாக, வீட்டுக்குள் அடுப்படி வரைக்கும் அந்த மணம், பூச்சிகள் காலையிலிருந்து அதிலேயே கிடந்தன. இப்போது கிளை தரையைத் தொடுகிறது, முட்டுக் கொடுத்திருக்கிறோம். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இவர் சொல்கிறார், எல்லாம் நம்ம பூச்சி செஞ்ச வேலை, டீச்சர் கைராசி. விதைக்கன்று காய்க்க ஏழெட்டு வருஷம் ஆகும், அதற்குக் காலம் வந்துவிட்டது, காய்த்துவிட்டது, இதில் பூச்சி எங்கே வந்தது டீச்சர் எங்கே வந்தாள். ஒருநாள் இதைச் சொல்லியும்விட்டேன், பிலோமினா இருக்கும்போதே. அவள் தலையை ஆட்டி, வசுமதி சொல்றதும் சரிதான் சார், மரத்துக்கும் வயசு வரணும் என்றாள். எதிராளி விட்டுக்கொடுத்தால் அப்புறம் எப்படிச் சண்டை போடுவது. வசுமதி என்றுதான் முழுசாகக் கூப்பிடுவாள், அட்டெண்டன்ஸ் எடுக்கிற மாதிரி. சேலத்தில் முப்பது வருஷம் பாட்டனி எடுத்தவள், கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல் அம்மாவைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, அம்மா போனதும் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து, மலையில் எத்தனையோ வீடு இருக்க, என் வேலிக்கு அந்தப் பக்கம் காலியாக இருந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். வந்த அன்றைக்கு என்னைப் பார்த்துக் கட்டிக்கொண்டாள். நானும் கட்டிக்கொண்டேன். நான்தான் இவருக்கு அறிமுகம் பண்ணி வைத்தேன், என்னோட கிளாஸ்மேட் என்று, பெருமையாக. ரிட்டயர் ஆன மனுஷன் நாள் முழுக்க டிவி முன்னால் உட்கார்ந்து ரிமோட்டை அமுக்கிக்கொண்டிருக்கிறார், உனக்கு ஏதாவது தெரிந்தால் சொல்லேன் பிலோ என்று கேட்டதும் நான்தான். ஒரு மாதத்தில் பெட்டி வந்தது.

பெட்டியை வைத்து ஸ்டாண்டின் நாலு காலுக்கும் எறும்பு ஏறாமல் தண்ணீர்க் கிண்ணம் வைக்க வேண்டும் என்றாளாம். என்னுடைய பாயசக் கிண்ணத்தில் நாலைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு போனார். போகட்டும். வைகாசியில் தேன் எடுத்தார்கள், வலைத்தொப்பி போட்டுக்கொண்டு இரண்டு பேரும் கல்யாணப் பொண்ணு மாப்பிள்ளை மாதிரி. அப்படி நான் சொன்னபோது இவர் சிரிக்கவில்லை, அவள்தான் சிரித்தாள். முதல் பாட்டில் தேன் டீச்சருக்கு, முறை அதுதான் என்றார். யார் போட்ட முறை. சாந்தி முகூர்த்தத்துக்கே எனக்கு முறை சொல்லத் தெரியாத மனுஷன். அதெல்லாம் போகட்டும் என்று விட்டுவிடலாம், விட்டும்விட்டேன். விட முடியாதது ஒன்று இருக்கிறது. சாயங்காலம் நாலரை மணிக்கு அவள் வருவாள், முக்காலியில் இவர், கவிழ்த்த வாளியின் மேல் அவள், பெட்டி வாசலைப் பார்த்துக்கொண்டு உட்காருவார்கள். பேசமாட்டார்கள். நான் ஜன்னலில் நின்று எவ்வளவோ நாள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டிருக்கிறேன், ஒரு வார்த்தை இருக்காது, கால் மணி, அரை மணி, பூச்சி வந்து இறங்குகிறதையும் போகிறதையும் பார்த்துக்கொண்டு. அப்புறம் இவர் ம் என்பார், அவள் ஆமா சார் என்பாள். எனக்கும் இவருக்கும் முப்பத்தொரு வருஷம் ஆகிறது. பேசாமல் இருந்த நாட்கள் எங்களுக்கும் உண்டு, ஒருமுறை தீபாவளியிலிருந்து பொங்கல் வரைக்கும் பேசவில்லை. பேசாமல் சேர்ந்து உட்கார்ந்த நாள் ஒன்றுகூடக் கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்தால் நான் பேசிவிடுவேன், பேசினால் அது கேஸ் சிலிண்டர் தீர்ந்துபோனதாகத்தான் இருக்கும், இல்லையென்றால் அவருடைய அக்காவாக இருக்கும். மகள் மஞ்சரியிடம் போனில் சொன்னேன். அம்மா, அப்பா சந்தோஷமா இருக்கார், விடேன் என்றாள். விடேன் என்று சொல்கிறவர்கள் யாருக்கும் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்று தெரிவதில்லை.

கான்வென்டில் இங்கிலீஷில் ஆட்டம் சீசன் என்று காம்போசிஷன் எழுத வைப்பார்கள், அதாவது இலையுதிர் காலம். தங்க இலை, சிவப்பு இலை, குளிர் காற்று, பழங்கள் கனிந்து கிடப்பது. நான் ஏற்காட்டில் அந்த இலையை எங்கே தேடுவேன், ஐப்பசி என்றால் எங்களுக்கு மூடுபனி, பாசி பிடித்த படி, காயாத யூனிபார்ம், ஆரஞ்சு. இருந்தாலும் பத்துக்கு எட்டு வாங்கினேன், பொய்யாக எழுதித்தான். பிலோமினா பாசியையும் காயாத சாக்ஸையும் எழுதி ஆறு வாங்கினாள். அவளை நான் ஜெயித்த ஒரே இடம் அது. இந்த ஐப்பசி பிறந்ததிலிருந்து மழை விடவில்லை. இவர் மகள் வீடு மாற்றுகிறாள் என்று ஒத்தாசைக்குப் போனார், போகும்போது வாசல் கேட்டில் நின்றுகொண்டு எனக்குப் பால் பாக்கெட் விஷயம் சொன்னார், அவளுக்குப் பூச்சி விஷயம் சொன்னார். மழைக்காலத்தில் பூ இருக்காது, பூச்சி வெளியே போக முடியாது, பட்டினி கிடந்தால் கூண்டோடு பறந்து போய்விடும், மூன்று நாளுக்கு ஒரு தடவை சாயங்காலம் சர்க்கரைப் பாகு வைக்க வேண்டும். கொட்டாங்குச்சியில் பாகை ஊற்றி, பூச்சி முழுகிவிடாமல் மிதக்க இரண்டு குச்சி போட்டு, மூடியைத் தூக்கி உள்ளே வைத்து மூடினால் ஆயிற்று. வெள்ளைச் சர்க்கரை. என் வீட்டில் வெள்ளைச் சர்க்கரை நுழைந்து இரண்டு வருஷமாகிறது. இவருக்குச் சுகர் என்று தெரிந்த அன்றைக்கே டப்பாவோடு குப்பையில் கொட்டினேன், அது விஷம், எலும்பை அரிக்கும், ஆலையில் என்னென்னவோ போட்டு வெளுக்கிறார்கள், எல்லாம் படித்திருக்கிறேன். காப்பிக்குக் கருப்பட்டி, பாயசத்துக்குக் கருப்பட்டி, சுத்தமானதாகப் பார்த்து வரவழைக்கிறேன். என் மரத்துப் பூவைக் குடித்த பூச்சிக்கு இவள் பாட்டிலில் அந்த வெள்ளை விஷத்தைக் கரைத்துக்கொண்டு வந்து ஊட்டுகிறாள், இவர் அதைக் கைராசி என்பார். அதைத்தான் நான் நினைத்தேன். அதை மட்டும்தான் நினைத்தேனா.

முதல் நாள் அவள் வைத்துவிட்டுப் போனதும் ஒரு மணி நேரம் அடுக்களையிலேயே உலாத்தினேன். பிறகு கருப்பட்டியைத் தட்டிக் காய்ச்சினேன், வடிகட்டினேன், இஞ்சி வேண்டாம் என்று விட்டேன், விரலில் தொட்டுப் பதம் பார்த்து ஆறவைத்தேன், பிள்ளைக்குக் கஞ்சி ஆற்றுகிற மாதிரி. குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு போய் மூடியைத் தூக்கினேன். அவள் கொட்டாங்குச்சியை எடுத்து மரத்தடியில் கொட்டிவிட்டு, என்னுடையதை வைத்தேன். உடனே மூடத்தான் நினைத்தேன். ஆனால் ஒன்று வந்தது, விளிம்பில் நின்றது, மீசையால் தொட்டுப் பார்த்தது, தலையைக் குனிந்தது. அப்புறம் இரண்டு. அப்புறம் வட்டமாக, பந்தியில் உட்கார்ந்த மாதிரி, தோளோடு தோள் இடித்துக்கொண்டு, வயிறு மட்டும் ஏறி இறங்கிக்கொண்டு. மழை குடை மேல் பெய்துகொண்டிருந்தது. எவ்வளவு நேரம் நின்றேன் தெரியாது. நான் பேசவில்லை, அதுதான் அதிசயம், ஒரு வார்த்தை பேசவில்லை. இவரிடம் சொல்லக்கூடிய நாள் வரும் என்று நினைத்தேன், பூச்சி இப்படி மொழுமொழுவென்று ஆனதற்குக் காரணம் டீச்சர் இல்லை, இதோ இந்தக் கருப்பட்டி என்று. அந்த முகத்தைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். காலையில் போய் என் கொட்டாங்குச்சியை எடுத்துவிட்டு அவளுடையதைக் கழுவி உள்ளே வைத்தேன், பாத்தியா வசுமதி, துடைச்ச மாதிரி குடிச்சிருக்கு என்றாள் அடுத்த தடவை. ஆமா என்றேன். மூன்று தடவை வைத்தேன். இரண்டாம் தடவை பூச்சி ஒன்று மணிக்கட்டில் கொட்டிவிட்டது. ஸ்வெட்டர் கையை இழுத்துவிட்டுக்கொண்டேன். மூன்றாம் தடவை வந்தபோது பிலோமினா அதைப் பார்த்துவிட்டாள், என்ன கை வீங்கியிருக்கு என்றாள், எண்ணெய் தெறிச்சது என்றேன். எண்ணெய் தெறிச்சா கொப்புளம்தான் வரும் வசுமதி, இப்படி அரிக்காது என்றாள். அதற்கு மேல் கேட்கவில்லை. நான் சொறிந்துகொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. இப்போதும் சொறிந்துகொண்டிருக்கிறேன். அப்படியானால் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இன்றைக்கு அங்கே நின்று மூன்று தடவை தான் வைத்ததை மட்டும் சொன்னாளே ஒழிய, வசுமதி கையைப் போய்ப் பாருங்க சார் என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் அவள். சொல்லியிருந்தால் நானும் நாலு கேட்டிருப்பேன், இத்தனை மாதமும் சேர்த்து வைத்ததையெல்லாம் கேட்டிருப்பேன். அந்த வழியையும் அடைத்துவிட்டுப் போய்விட்டாள். பெரிய மனசு. அந்தப் பெரிய மனசைக் கண்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மழைதான் காரணம். பத்து நாள் வெளியே போக முடியாமல் அடைந்து கிடந்தால் மனுஷனுக்கே வயிறு கெடும். கருப்பட்டி என்ன செய்யும், பிரசவித்தவளுக்கே கொடுக்கிறோம். மழைதான். பின்கதவு திறக்கிறது, இவர் உள்ளே வருகிறார். கையில் பேப்பர் துண்டு, அதில் பத்துப் பதினைந்து செத்த பூச்சி, எதற்கு உள்ளே கொண்டுவருகிறார் தெரியவில்லை. மேடையில் என் ஆரஞ்சுத் தோலுக்குப் பக்கத்தில் வைக்கிறார். அறுந்த தோலைப் பார்த்தாரா, பார்க்கவில்லை. கண் சிவந்திருக்கிறது, பஸ்ஸில் தூங்காததாகவும் இருக்கலாம். “இவங்க இப்படிப் பண்ணுவாங்கன்னு நினைக்கலை வசு” என்கிறார். நான் இத்தனை மாதமாகக் கேட்கக் காத்திருந்த வாக்கியம். காப்பி போடட்டுமா என்கிறேன். வேண்டாம் என்று தலையாட்டுகிறார். மேற்கே மறுபடி கறுத்துக்கொண்டு வருகிறதாம், இருட்டுவதற்குள் நல்ல பாகு கொஞ்சம் உள்ளே போனால் ராணியும் பாதிப் பூச்சியுமாவது தங்கும், இல்லையென்றால் இன்றைக்கு ராத்திரியோடு சரி. “சீக்கிரம் ஒரு டம்ளர் சர்க்கரை காய்ச்சு.” நம்ம வீட்டில ஏது என்கிறேன். அவருக்கு நினைவு வருகிறது. முருகேசன் கடை என்கிறார், அவன் ஏதோ ஒரு கல்யாணத்துக்கு ஆத்தூர் போயிருக்கிறான், கடை அடைத்திருக்கிறது என்கிறேன். டவுனுக்குப் போய்த் திரும்ப ஆறரைக்கு மேல் ஆகிவிடும். அப்ப வீட்டில என்னதான் இருக்கு என்கிறார், எரிச்சலாக. கருப்பட்டி இருக்கு. என் வாயிலிருந்து வந்துவிட்டது, எப்போதும் போல, நான் யோசிப்பதற்கு முன்னால். “ஐயோ அது வேணாம், அது அதுங்களுக்கு விஷம்” என்கிறார். “வெல்லம், கருப்பட்டி ரெண்டும் ஆகாது, வயித்தால போயே செத்துரும்னு முதல் நாளே படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க டீச்சர். அவ்வளவு சொன்னவங்க அவங்களே போய்...” அங்கே நிறுத்திவிட்டார்.

நிறுத்தியவர் என்னைப் பார்க்கவில்லை. பேப்பரில் கிடக்கிற பூச்சியைப் பார்க்கிறார், ஒன்றை விரல் நுனியால் புரட்டுகிறார். அடுப்படியில் பத்து நாளாகக் கருப்பட்டி காய்ச்சிய வாசனை இருக்குமா, எனக்கு மூக்கு பழகிவிட்டது, எனக்குத் தெரியாது. இவருக்குத் தெரியுமா. ஸ்வெட்டர் கையை இழுத்து விட்டுக்கொள்கிறேன், இழுத்ததைப் பார்த்தாரா. அவங்களே போய். அவங்களே போய் என்ன, சொல்லுங்கள், சொல்லி முடியுங்கள், மீதி வாக்கியத்தை நான் எப்படித் தாங்கிக்கொண்டு நிற்பது. மஞ்சரி பிறந்த ஆஸ்பத்திரியில் என் விரலைப் பிடித்துக்கொண்டு இப்படித்தான் தலையைக் குனிந்து நின்றார், ஏன் இப்போது இது ஞாபகம் வருகிறது. இவர் பேப்பரை மடித்தார், திருநீறு மடிக்கிற மாதிரி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மறுபடி வெளியே போனார். முக்காலியை இழுத்துப் போடுகிற சத்தம். வாளி கவிழ்ந்தபடி பக்கத்தில் இருக்கிறது. நான் போய் அந்த வாளி மேல் உட்காரலாம். உட்கார்ந்து, பேசாமல், ஒரு கால் மணி, அரை மணி. பேசாமல் இருக்க என்னால் இப்போது முடியும், இந்த நிமிஷம் முடியும், நான் வைத்தேன் என்பதைச் சொல்லாமல் இருப்பதற்கு இந்த ஜென்மம் முழுக்க அவர் பக்கத்தில் பேசாமலே உட்கார்ந்திருக்க என்னால் முடியும். அவளும் சொல்லப்போவதில்லை. பூச்சி செத்துவிடும், பெட்டி காலியாகும், என் பாயசக் கிண்ணம் நாலும் அலமாரிக்குத் திரும்பி வரும், மரம் மட்டும் நிற்கும். மரம் என்னுடையது. இவர் டிவி முன்னால் ரிமோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், நான் கேஸ் தீர்ந்துவிட்டது என்பேன், அவர் ம் என்பார். அந்த ம் இல்லை, வேறு ம்.

செருப்பு எங்கே. ஒரு செருப்புதான் இருக்கிறது, இன்னொன்றை எது இழுத்துக்கொண்டு போயிற்றோ, வெறுங்காலோடு இறங்குகிறேன், படி பாசியில் வழுக்குகிறது. துவைக்கிற கல்லின் மேல் அவள் பாட்டில் இருக்கிறது. எடுக்கிறேன். அடியில் காய்ந்துபோய் ஒட்டியிருக்கிறது, வெள்ளையாக, கண்ணாடித் தூள் மாதிரி, கல்லின் நட்ட நடுவில் வைத்திருந்தாள், எல்லாரும் பார்க்கும்படி. இதைத் தூக்கிக் காட்டியிருந்தால் போதுமே, பாருங்க சார் என்று, இவர் வாயை மூடியிருப்பார். காட்டாமல் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். இல்லை, காட்டத்தான் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள், இவருக்கில்லை, எனக்கு. முதுகுக்குப் பின்னால் முக்காலி கிறீச்சென்றது. இவர் பார்க்கிறாரா, திரும்ப மாட்டேன், திரும்பினால் போகமாட்டேன். வழியில் குனிந்து தாழ்ந்த கிளையிலிருந்து இரண்டு பழம் பறித்துக்கொண்டேன், வெறுங்கையோடு போகக்கூடாது என்று, இன்னொருத்தி குடியைக் கெடுத்த பிறகும் மரியாதை தப்பாது எனக்கு. செம்பருத்திச் சந்தில் என் உடம்புக்கு இடம் போதவில்லை, ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டது, இழுத்துக்கொண்டு போனேன். இந்த வழியாக நான் ஒருநாளும் வந்ததில்லை. எப்போதும் அவள்தான் வருவாள்.

அவள் பின்கதவு பச்சைப் பெயின்ட், மேலே கண்ணாடி. சமையலறையில் லைட் எரிகிறது. நாலரை மணிக்கே இருட்டிக்கொண்டு வருகிறது, மலை மேலிருந்து பனி இறங்கி வேலி வரைக்கும் வந்துவிட்டது. கதவைத் தட்டினேன். உள்ளே பாத்திரம் வைக்கிற சத்தம் நின்றது. பிலோ என்றேன். மழை வரும்போல இருக்கு என்றேன், எதற்குச் சொன்னேனோ. பழம் கொண்டு வந்திருக்கேன், நம்ம மரத்துது என்றேன். நம்ம என்று சொன்னது எனக்கே கேட்டது. உள்ளே நிழல் ஒன்று கண்ணாடிக்கு நேரே வந்து நின்றது, மூக்குக் கண்ணாடிச் சட்டம், காதோரம் நரைத்த முடி, எல்லாம் தெரிகிறது, கையெட்டுகிற தூரம். நான் ஸ்வெட்டர் கையை மேலே ஏற்றினேன், முழங்கை வரைக்கும் ஏற்றினேன், மணிக்கட்டைக் கண்ணாடிக்கு முன்னால் பிடித்தேன், ஒரு நிமிஷம், ஆஸ்பத்திரியில் காட்டுகிற மாதிரி. பின்னால் எங்கள் தோட்டத்தில் இவர் இருமுகிறார், இங்கே பேசினால் அங்கே கேட்கும், கேட்கட்டும் என்று நினைத்தேன், கேட்கக்கூடாதே என்றும் நினைத்தேன். நிழல் கண்ணாடியை விட்டு நகர்ந்தது. சமையலறை லைட் அணைந்தது, முன்னறையில் ஒன்று எரிந்தது. முதல் சொட்டு பாட்டிலின் வாயில் விழுந்தது, அதை உள்ளங்கையால் மூடிக்கொண்டு கதவில் முகத்தை வைத்து, கொஞ்சம் சத்தமாகவே, இரண்டு வீட்டுக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன்:

“பிலோ, ஒரு டம்ளர் வெள்ளைச் சர்க்கரை இருந்தா குடேன். எங்க வீட்டில கருப்பட்டி மட்டும்தான் இருக்கு.”